பழைய டெலிபோன் கேபிளும் மின்கழிவும்: சேலம், ஏற்காட்டில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

மில்லிலோ, கல்லூரியிலோ, ஏற்காட்டு எஸ்டேட்டிலோ நிர்வாகப் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர் கைக்கு என்றாவது ஒருநாள் அந்தச் சாவி வந்து சேரும். பழைய இ.பி.ஏ.பி.எக்ஸ். (வளாகத்து உள் டெலிபோன் இணைப்பகம்) அறையின் சாவி. திறந்தால் சுவரில் தூசி படிந்த எம்.டி.எஃப். (எல்லா லைன்களும் வந்து சேரும் இணைப்புச் சட்டம்), மூலையில் சுருட்டிப் போட்ட கருப்புக் கேபிள், வயிறு உப்பிய யு.பி.எஸ். பாட்டரிகள், டியூப் மானிட்டர் நாலைந்து, ஓர் அட்டைப்பெட்டி நிறைய மோடம். "எல்லாத்தையும் ஒரே வண்டியில ஏத்தி விட்டுருங்க" என்று மேலிருந்து உத்தரவு வரும். சிக்கல் அந்த ஒரே வண்டியில்தான் தொடங்குகிறது.

அந்த அறையில் கிடப்பவை மூன்று வெவ்வேறு விதிகளுக்கு உட்பட்டவை. மோடம், ரௌட்டர், ஃபேக்ஸ், தொலைபேசி, கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., இன்வெர்ட்டர் எல்லாம் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022-க்குள் வரும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த விதிகளின் பட்டியலில் 106 வகைக் கருவிகள் உண்டு. பாட்டரிக்கு அதே 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தனி. பலருக்கும் தெரியாதது மூன்றாவது: ஜெல்லி நிரப்பிய செம்புக் கேபிள், அபாயகரக் கழிவு விதிகள் 2016-இன் நான்காம் அட்டவணையில் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. பி.வி.சி. உறையோடு கூடிய செம்புக் கம்பிக் கழிவுக்கும் அங்கே தனிப் பதிவு இருக்கிறது. காயலான் கடைக்காரருக்கு அது வெறும் செம்பு. சட்டத்தின் கண்ணில், அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடம் மட்டுமே போக வேண்டிய சரக்கு.

ஆகவே முதல் நாளே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு மூன்று பகுதியாகப் பிரியுங்கள்: கேபிள், கருவி, பாட்டரி. கடைசி வரை இந்த மூன்றும் மூன்று எடைச் சீட்டாகவே போகட்டும்.

கேபிள் யாருடையது?

கத்தியை எடுப்பதற்கு முன் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் வளாகத்துக்குள், உங்கள் செலவில் போட்ட கேபிள் உங்களுடையது. தெருவிலிருந்து உங்கள் சுவர் வரை வந்து டி.பி. பெட்டியில் (லைன்களைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) முடியும் கேபிள், நிலத்தடியில் போனாலும் கம்பத்தில் தொங்கினாலும், சேவை நிறுவனத்தின் சொத்து. இணைப்பு செத்துப் பத்து வருடம் ஆகியிருக்கலாம். அதனால் உரிமை மாறிவிடாது. அதை வெட்டி விற்றால் திருட்டு. வாங்கியவருக்கும், திருட்டுப் பொருள் எனத் தெரிந்தே வாங்கினார் என்று, பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவு காத்திருக்கிறது. பி.எஸ்.என்.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் பழைய கேபிளை எம்.எஸ்.டி.சி. என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின்னணு ஏலம் வழியாக விற்கின்றன. தெருவிலிருந்து சுவர் வரையுள்ள அந்தக் கடைசித் துண்டைக் கழற்றித் தர யாரும் உங்களைக் கேட்கப்போவதில்லை.

ஃபைபர் இணைப்போடு வந்த ஓ.என்.டி. (ஃபைபர் மோடம்), கேபிள் டி.வி. செட்டாப் பாக்ஸ் விஷயமும் பெரும்பாலும் இதேதான். வாடகைக்கோ வைப்புத்தொகைக்கோ வந்தவற்றைக் குப்பைக் கணக்கில் சேர்க்காமல் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். சந்தேகம் வந்தால் பழைய பில், கொள்முதல் பதிவேடு, சொத்துப் பதிவேடு மூன்றையும் ஒத்துப் பாருங்கள். பதிவேட்டில் இருக்கும் பொருளை, அது பயனற்றது என்று எழுத்தில் முடிவெடுத்துக் கழித்த பிறகே வெளியே அனுப்ப வேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளில் தணிக்கை ஆட்சேபம் வருவது பெரும்பாலும் இந்த ஒரு தாள் இல்லாமல்தான்.

வெட்டுவதற்கு முன்

டெலிபோன் லைனில் சும்மா இருக்கும்போதே 48 வோல்ட் டி.சி. இருக்கும். மணி அடிக்கும் நேரத்தில் 75 வோல்ட் அளவுக்கு ஏ.சி. வரும். ஈரக் கையோடு ஏணி மேல் நிற்பவரைக் கீழே தள்ள அது போதும். எம்.டி.எஃப். முனையில் ஒவ்வொரு பேரையும் (pair, ஒரு லைனுக்கான இரட்டைக் கம்பி) மல்டிமீட்டரில் பார்த்து, உயிரில்லை என்று உறுதியான பிறகுதான் கத்தி. தீ அலார லைனும் லிஃப்ட் இன்டர்காமும் பழைய டெலிபோன் கேபிளின் ஓரிரு பேர்களில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கேபிளை வெட்டிய பிறகுதான் அவை நினைவுக்கு வரும்.

ஏற்காட்டில் இன்னொன்று. எஸ்டேட் பங்களாவிலிருந்து கொட்டகைக்குப் போகும் நீளமான தொங்கு கேபிள், இடி மின்னல் நேரத்தில் தானாகவே மின்னழுத்தம் ஏற்றிக்கொள்ளும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் மேகம் கூடினால் வேலையை நிறுத்திவிடுங்கள். கம்பம் மின்வாரியத்துடையது என்றால் உங்கள் ஆள் ஏறக்கூடாது, அவ்வளவுதான். கேபிள் காப்புக்காட்டு எல்லையைத் தொட்டால் வனத்துறையிடம் முன்னனுமதி. இறக்கிய கேபிளை வளையமாகப் புதரில் போட்டுவிட்டு வரவும் வேண்டாம். காட்டெருமை நடமாடும் மலையில் அது கண்ணி.

மண்ணுக்குள் புதைந்ததை டிராக்டர் கட்டி இழுப்பது வழக்கம். உறை கிழியும், ஜெல்லி குழியில் வழியும், கிடைப்பது பாதிக் கேபிள்தான். பக்கத்தில் மின்கேபிள் போயிருந்தால் அதுவும் மேலே வரும். குழாய்க்குள் போன கேபிள் என்றால் ஒரு முனையில் வின்ச் வைத்து மெதுவாக இழுக்கலாம். நேரடியாக மண்ணில் புதைத்ததை, அந்த இடத்தில் வேறு வேலைக்குத் தோண்டும்போது எடுத்துக்கொள்வதே நல்லது. தோண்டும் கூலி செம்பின் விலையைத் தின்றுவிடும்.

கையில் இருப்பது எந்தக் கேபிள்?

கருப்பு பாலிஎத்திலீன் உறை, அதற்குள் இரும்புப் பட்டை, அதற்குள் இன்னொரு உறை, அலுமினியத் தாள், உள்ளே வண்ணவண்ணக் கம்பிகள், விரலில் வாசலின் போல ஒட்டும் பசை: இது ஜெல்லி கேபிள். வெள்ளை, சிவப்பு, கருப்பு, மஞ்சள், ஊதா ஆகிய ஐந்தும் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் ஆகிய ஐந்தோடும் சேர்ந்தால் 25 பேர் வரை அடையாளம் காணலாம். ஒரு கட்டில் எத்தனை பேர் என்று எண்ணி, கட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தப் பேர் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

உறை கனமாக, மங்கிய சாம்பல் நிறத்தில், நகத்தால் கீறினால் பளபளத்தால் அது ஈயம். உள்ளே காகிதம் சுற்றிய கம்பி இருக்கும். பழைய மில்களில் இன்னும் கிடக்கிறது. இதை ரம்பத்தால் அறுத்தால் ஈயத்தூள் பறக்கும். கேபிள் கட்டரால் நறுக்குங்கள். கையுறை போடுங்கள்; வேலை முடிந்து கை கழுவாமல் டீ குடிக்க உட்காராதீர்கள். இதை ஜெல்லி கேபிளோடு கலக்காமல் தனிக் குவியலாக வையுங்கள்.

கேபிள் டி.வி. ஒயரான ஆர்.ஜி.6-இன் நடுக்கம்பியில் காந்தம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒட்டும். மேலே செம்புப் பூச்சு, உள்ளே எஃகு, பின்னல் அலுமினியம். செம்பு விலையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நெட்வொர்க் ஒயரிலும் இதே மாயம் நடக்கிறது. நல்ல கேட்5இ ஒயரில் மீட்டருக்குச் சுமார் 14 முதல் 15 கிராம் செம்பு, அதாவது 305 மீட்டர் பெட்டிக்கு நாலரைக் கிலோ. செம்பு பூசிய அலுமினியம் என்றால் அதே மீட்டருக்குக் கம்பியின் மொத்த எடையே 5, 6 கிராம்தான் வரும். கம்பியைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

ஃபைபர் கேபிளில் விற்கத் தக்க உலோகம் கிடையாது. எஃகுக் கம்பியோ பட்டையோ கொஞ்சம் இருக்கலாம். 125 மைக்ரான் தடிமன் கொண்ட கண்ணாடி இழை தோலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, எடுக்கவும் வராது. வெட்டிய துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். மேசையில் சிதறியதை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும், துணியால் துடைக்கக்கூடாது. வாங்குகிறவர் செம்பை மட்டும் கேட்டுவிட்டு ஃபைபரை உங்கள் தலையில் விட்டுப் போவார். இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் பேரம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

செம்பு எவ்வளவு இருக்கிறது?

இந்தக் கணக்கு தெரியாமல் விலை பேசப் போகக்கூடாது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, 14-ஆல் பெருக்குங்கள். வருவது ஒரு பேர் கம்பியில் ஒரு மீட்டருக்கு உள்ள செம்பு, கிராமில். டெலிபோன் கேபிளில் 0.5 மி.மீ. கம்பி சாதாரணம்: 0.25 பெருக்கல் 14, ஆக 3.5 கிராம். 100 பேர் கேபிள் என்றால் மீட்டருக்கு 350 கிராம். 50 பேருக்கு 175, 20 பேருக்கு 70, 10 பேருக்கு 35. கம்பி 0.4 மி.மீ. ஆக இருந்தால் பேருக்கு 2.24 கிராம்தான், 100 பேர் கேபிளில் மீட்டருக்கு 224 கிராம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதனால் மைக்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலை ஆகாது. வெர்னியர் இருந்தால் பத்துக் கம்பிகளை அருகருகே நெருக்கி அளந்து பத்தால் வகுக்கலாம், ஆனால் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு.

சரிபார்க்க, சரியாக ஒரு மீட்டர் துண்டு வெட்டி முதலில் முழுசாக எடை போடுங்கள். பிறகு இரும்புப் பட்டை, உறை, செம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக. கணக்கும் தராசும் இரண்டு, மூன்று சதவீத வித்தியாசத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். முறுக்கி வருவதால் கம்பி நீளம் கேபிள் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதல். இந்த ஒரு மீட்டர் விவரத்தை எழுதி வைத்துக்கொண்டால், "கேபிளோட கிலோ இவ்வளவு" என்று வியாபாரி சொல்லும் விலையைச் செம்பு விலையாக அங்கேயே மாற்றிப் பார்த்துவிடலாம்.

மாதிரித் துண்டோடு உரிப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். உரித்து விற்றால் லாபம் கூடும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 100 பேர் கேபிள் 100 மீட்டர் என்றால் உள்ளே 20 கிலோமீட்டர் கம்பி. ஒவ்வொன்றும் மெல்லிய பிளாஸ்டிக் போர்த்து, பசை பூசியது. அத்தனையும் உரித்தால் கிடைப்பது 35 கிலோ செம்பு. போதாக்குறைக்கு, கேபிளை உடைத்து உலோகம் பிரிப்பதே அனுமதி தேவைப்படும் தொழில். எடுத்த பிறகு ஜெல்லி ஊறிய பிளாஸ்டிக் மலை உங்கள் வளாகத்தில் நிற்கும், அதை இனாமாகக்கூட யாரும் தொடமாட்டார்கள்.

எரிப்பது அதைவிட மோசம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி வரும். குளோரினும் கரியும் சேர்ந்து டயாக்சின் உருவாகும். அதற்கு உள்ளே இருக்கும் செம்பே கிரியா ஊக்கி. கரியேறிய செம்புக்குச் சந்தையில் விலையும் கீழே. கழிவைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் 2024 ஏப்ரல் முதல் தண்டத்தொகை 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகிறது. இரவோடு இரவாக எரித்துவிடலாம் என்று வாட்ச்மேன் யோசனை சொன்னால், சூப்பர்வைசரை ராத்திரி ஷிஃப்டுக்குப் போடுங்கள்.

வைக்கும் இடம்

கூரை, சிமென்ட் தரை, பூட்டு. இந்த மூன்றும் வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்து அதன் மேல் மரத்தூள் தூவுங்கள். சேலத்து வெயிலில் கருப்பு உறை சூடேறினால் வெட்டுமுனையில் ஜெல்லி இளகிக் கசியும். முனை ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பை போட்டு இன்சுலேஷன் டேப்பால் இறுக்கிக் கட்டிவிட்டால் பாதித் தொல்லை இல்லை. கையில் ஒட்டியதை முதலில் உலர்ந்த மரத்தூளால் தேய்த்து, பிறகு சோப்பால் கழுவுங்கள்; பெட்ரோல் வேண்டாம். ஊறிய மரத்தூளும் அதே கழிவுதான், கேபிளோடு சேர்த்தே அனுப்புங்கள்.

அபாயகரக் கழிவை 90 நாள் வரை வைத்திருக்கலாம். ஆண்டுக்குப் பத்து டன்னுக்குள் உண்டாக்குபவர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 180 நாள் வரை நீட்டித்துத் தரலாம். மின்கழிவுக்கு 180 நாள். குவியலின் மேல் ஒட்டும் சீட்டு பளிச்சென்ற மஞ்சள் பின்புலத்தில், அபாயகரக் கழிவு என்ற எழுத்து சிவப்பில், தமிழிலும் இருக்க வேண்டும். நனைந்தால் அழியாத தாள். முதல் துண்டு உள்ளே வந்த தேதியைச் சீட்டில் எழுதுங்கள். நாள் கணக்கு அங்கிருந்து ஓடும்.

கருவிகள்

இங்கே பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும். வரிசை எண்ணோடு பட்டியல் போடுங்கள். வேலை செய்பவை, பழுது பார்க்கத் தக்கவை, செத்தவை என்று மூன்றாகப் பிரியுங்கள். முதல் இரண்டையும் பதிவு பெற்ற புதுப்பிப்பாளர் எடுத்துக்கொள்வார். போர்டுகளைப் பிடுங்கித் தனியாக விற்காதீர்கள். தங்கம் பூசிய முனைகள் போனபின் மீதியை எடுக்க மறுசுழற்சியாளர் வரமாட்டார்.

சேலத்தில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊர். நைட்ரிக் அமிலம் கையாளத் தெரிந்தவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. "போர்டைக் கொடுங்க, தங்கம் எடுத்துத் தர்றோம்" என்று யாராவது வருவார்கள். வெள்ளி வேலைக்குக் கற்ற கை, ஈயப் பற்றும் புரோமின் கலந்த பிளாஸ்டிக்கும் உள்ள போர்டுக்குப் பொருந்தாது. கரைத்த அமிலம் சாக்கடை வழியாகத் திருமணிமுத்தாற்றுக்குத்தான் போகும். பதிவு இல்லாதவருக்குக் கொடுத்தவர் என்ற முறையில் விசாரணை உங்கள் வாசலிலிருந்தே தொடங்கும்.

டியூப் மானிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. முகத்தைக் கீழ்நோக்கிப் பழைய மெத்தை மேல் வையுங்கள், கழுத்துப் பகுதி எதிலும் இடிக்கக்கூடாது. சி.எஃப்.எல்., குழல்விளக்குகளில் பாதரசம்; அவை வந்த அட்டைப்பெட்டியிலேயே நிற்க வைத்து அனுப்புங்கள். அறையின் ஏ.சி.யைக் கழற்றுபவர் குழாயை வெட்டிக் காற்றில் வாயுவைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூரையில் பழைய அயனி வகைப் புகை உணரி இருந்தால், அதில் அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருள் துளியளவு இருக்கும். அது மின்கழிவு விதிகளுக்குள் வராது. திறக்காமல் கழற்றி, விற்ற நிறுவனத்திடமே திருப்பி அனுப்ப வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் எந்தக் கம்ப்யூட்டரும் வாசலைத் தாண்டக்கூடாது. ஃபார்மேட் செய்தால் போதாது. சுழலும் டிஸ்க்கின் மேல் முழுவதுமாக ஒருமுறை எழுதி அழிக்கலாம், அல்லது தட்டைத் துளைக்கும்படி மூன்று நாலு இடத்தில் டிரில் போடலாம். எஸ்.எஸ்.டி.க்கு மேலெழுதும் முறை நம்பத் தக்கதல்ல. அதற்கான பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைக் கொடுங்கள், அல்லது சிப்புகளை நொறுக்குங்கள். ரௌட்டரில் உள்ளிருக்கும் கடவுச்சொற்களை அழிக்க மறுஅமைப்புப் பொத்தானைப் பிடித்து அழுத்தினால் போதும். இ.பி.ஏ.பி.எக்ஸ்.-இல் இருப்பவற்றையும் அழித்துவிடுங்கள். நகலெடுக்கும் பெரிய இயந்திரத்திலும் டிஸ்க் இருக்கும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

விதியில் 'பெருநுகர்வோர்' என்றால், ஒரு நிதியாண்டில் எந்த நேரத்திலாவது பட்டியலிட்ட கருவிகளில் 1,000 எண்ணிக்கையாவது பயன்படுத்திய நிறுவனம். கம்ப்யூட்டரை மட்டும் எண்ணி 'நாம் இல்லை' என்று முடிவுக்கு வராதீர்கள். பிரிண்டர், ஏ.சி., தொலைபேசி, குழல்விளக்கு என எல்லாமே கணக்கில் வரும். நடுத்தரக் கல்லூரி சுலபமாகத் தாண்டிவிடும். குறு நிறுவனங்களுக்கு மின்கழிவு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல் அதற்கான வரம்பு முதலீடு இரண்டரைக் கோடி, விற்றுமுதல் பத்துக் கோடி. ஆனால் ஜெல்லி கேபிளுக்கும் எரிப்புத் தடைக்கும் அந்த விலக்கு கைகொடுக்காது.

பாட்டரி

48 வோல்ட் அடுக்கு என்றால் 2 வோல்ட் செல்கள் 24. சார்ஜரை நிறுத்தி, நடுவில் உள்ள இணைப்புப் பட்டையை முதலில் கழற்றினால் அது 24, 24 வோல்ட்டாகப் பிரியும், பிறகு மற்றவை. மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். ஸ்பானரின் கைப்பிடிக்கு டேப் சுற்றுங்கள். முனைகளை மூடி, நிமிர்த்தி, மரப்பலகை மேல் அடுக்குங்கள். எடை குறையட்டும் என்று அமிலத்தைத் தரையில் கொட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது; அந்த அமிலத்தில் ஈயம் கரைந்திருக்கிறது, கிணறு தூரத்தில் இல்லை. புது பாட்டரி வாங்கும்போது பழையதைக் கொடுத்து விலை கழிப்பதே எளிது. பில்லில் பழைய பாட்டரியின் எண்ணிக்கையையும் எடையையும் எழுதச் சொல்லுங்கள்.

லித்தியம் பாட்டரியை ஈய பாட்டரிக் குவியலில் கலக்கவே கூடாது. முனைகளில் டேப் ஒட்டி, உப்பியதை உலர்ந்த மணல் நிரப்பிய இரும்பு வாளியில் வைத்து, கட்டடத்துக்கு வெளியே நிழலில் வையுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. நாலு செல்போன், ஒரு மோடம், கொஞ்சம் ஒயர் என்றால், மாநகராட்சியின் தூய்மைப் பணியாளரிடம் தினசரிக் குப்பையோடு கலக்காமல் தனிப் பையில் கொடுங்கள், அல்லது புதுக் கருவி வாங்கும் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

யாரிடம் கொடுப்பது, என்ன தாள் வாங்குவது

மின்கழிவுக்கு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இ.பி.ஆர். (உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு) இணையதளத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கிறது. 2022 விதிகளில் சேகரிப்பு மையம், பிரித்தெடுப்பவர் என்ற தனி வகைகள் கிடையாது. "நாங்க கலெக்ஷன் சென்டர்" என்று பழைய சான்றிதழைக் காட்டினால், அவர் யாருக்காக எடுக்கிறார் என்று கேட்டு, அந்த மறுசுழற்சியாளரின் கடிதத்தை வாங்குங்கள். கேபிளுக்கு, நான்காம் அட்டவணைப்படி ஜெல்லி கேபிள் எடுக்கத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்க வேண்டும். அனுமதி ஆணையில் மூன்றைப் பாருங்கள்: பொருளின் பெயர், ஆண்டுக் கொள்ளளவு, காலாவதித் தேதி. மோசடி பெரும்பாலும் மூன்றாவதில்தான்.

ஒருமுறை மட்டும் கேபிள் கழிக்கிற நிறுவனம் என்றால், சேலத்தில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்துக்குக் கேபிள் வகை, நீளம், உத்தேச எடை, எடுக்கவிருப்பவர் பெயர் எல்லாம் எழுதி முன்கூட்டியே கடிதம் கொடுத்து, உங்களுக்கு எந்த அனுமதி தேவை என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாய்வார்த்தை அதிகாரி மாறும்போது போய்விடும்.

சென்னைப் பக்கத்து ஆலை என்றால் சுமார் 340 கிலோமீட்டர். அரை டன்னுக்காக வண்டி அனுப்பமாட்டார்கள், அனுப்பினாலும் வாடகையை விலையில் கழிப்பார்கள். பக்கத்து நிறுவனங்களோடு பேசி ஒரே நாளில் ஒரே சுற்றில் எடுக்கச் செய்யலாம். எடையும் ரசீதும் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கட்டும்.

எடைமேடையில் காலி வண்டியையும் சரக்கோடும் நீங்களே உடனிருந்து எடை போடுங்கள். காலி எடையின்போது டிரைவரும் கிளீனரும் வண்டியில் இருந்தால், சரக்கு எடையின்போதும் இருக்க வேண்டும். அவர்கள் இறங்கி நின்றால் 130, 140 கிலோ செம்புக் கேபிள் காற்றோடு போய்விடும். பிறகு மறுசுழற்சியாளரின் பாஸ்புக்கில் (கழிவு வரவைப் பதியும் ஏடு) நீங்கள் கொடுத்த அளவைப் பதிவு செய்ய வேண்டும். இது கொடுப்பவரின் கடமை, பலருக்குத் தெரியாது. மெனிஃபெஸ்ட், அதாவது கழிவு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதற்கான ஆவணம், ஏழு நிறத்தில் ஏழு தாள். வெள்ளை நீங்கள் வாரியத்துக்கு அனுப்புவது. மஞ்சள், வண்டிக்காரர் கையெழுத்தோடு உங்களிடம் தங்குவது. மற்றவை சரக்கோடு போகும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள இருவருக்கிடையே உலோகக் கழிவு விற்று, ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், 2024 அக்டோபர் 10 முதல் வாங்குபவர் 2 சதவீதம் டி.டி.எஸ். (தொகையிலேயே பிடிக்கும் வரி) பிடிப்பார், வந்த தொகை குறைகிறதே என்று திகைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்சத்தைத் தாண்டினால் இ-வே பில்.

ஏற்காட்டிலிருந்து இறக்குவதானால் 20 கொண்டை ஊசி வளைவுகள். குட்டி யானையில் 700 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். சுருளை நிற்க வைக்காமல் படுக்க வைத்துக் கட்டுங்கள். நிற்க வைத்தால் முதல் வளைவிலேயே உருளும். கனமானதெல்லாம் கேபினை ஒட்டி முன்பக்கம். கோடை விழா நாட்களும் சனி, ஞாயிறும் வேண்டாம், விடிந்து பனி விலகியதும் கிளம்பினால் நல்லது. அடிவாரச் சோதனைச் சாவடியில் வண்டி நிறைய கேபிளைப் பார்த்தால் முதல் கேள்வி "எங்கே வெட்டினது?" என்பதாகத்தான் இருக்கும். பயனற்றது எனக் கழித்த தீர்மானத்தின் நகல், நிறுவனத்தின் கடிதம், மெனிஃபெஸ்ட் மூன்றும் டிரைவர் கையில் இருக்கட்டும், மேனேஜரின் மேசையில் அல்ல.

சரக்கு போய்ச் சேர்ந்ததும் ஆலையில் எடை போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புவது நீல நிறத் தாள். பணம் வங்கிக்கு வந்தவுடன் கோப்பை மூடிவிடுகிறார்கள். நீலத் தாளை யாரும் கேட்பதில்லை. அதில் உள்ள எடையும் உங்கள் எடைமேடைச் சீட்டும் ஒத்துப்போகாவிட்டால், நடுவழியில் எங்கோ கேபிள் இறங்கியிருக்கிறது என்று பொருள். பத்து நாளில் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். வந்ததும் மஞ்சள் தாளோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். ஜூன் 30-க்குள் வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கைக்கு எண்கள் அந்த இரண்டு தாளிலிருந்துதான் எடுக்க வேண்டும்.